முப்பதில் ஒன்று

கடந்த பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்யச் சுமந்து சென்றவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அவரைத் திட்டித் தீர்த்தவர்கள். வெங்காயம் பயிரிடுகிறவர்கள்.

அம்மா புருல், நீர்ப்பாசன அலுவலகத்தில் பொறியாளர். எங்கள் பள்ளத்தாக்கின் மண் அணை அவர் பொறுப்பு. மலையில் எவ்வளவு பனி உருகும், கரைக்கடியில் எவ்வளவு கசியும், மண் எவ்வளவு தாங்கும், எதுவும் துல்லியமாகத் தெரியாது. அந்தத் தெரியாமையையும் அவர் கணக்கில் சேர்த்தார். கணினியில் பத்தாயிரம் வசந்தங்களை ஓடவிட்டு, எத்தனையில் அணை உடைகிறது என்று எண்ணினார். ஒரு வருடம் கசிவு கூடியிருந்தது. முழுதாகத் தேக்கினால் முப்பதில் ஒன்றில் உடையும். மூன்று மீட்டர் குறைத்தால் முந்நூறில் ஒன்று. ஆனால் குறைத்தால் வெங்காயம் பாதி காயும். அணைக்குக் கீழே இரண்டு ஊர்கள்.

விவசாயிகள் கூட்டத்தில், தண்ணீர் பங்கிடும் ஜோல்ச்சுபெக் எழுந்தார். அம்மாவை ஊரே ‘எஜே’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

“புருல் எஜே, உடையுமா உடையாதா? சட்டுனு சொல்லுங்க.”

“தெரியாது.”

“இதைச் சொல்லவா சம்பளம் குடுக்கறாங்க?”

கூட்டம் சிரித்தது.

“எவ்வளவு தெரியாதுன்னு சொல்லத்தான் தம்பி. உன் பையில ஆட்டு எலும்பு இருக்கா?”

இல்லாமலா? எடுத்துக் காட்டினார். கணுக்கால் எலும்பை வீசி விளையாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“வீசினா குத்திட்டு நிக்குமா?”

“எப்பவாவது. போன நூருஸ் பண்டிகைல நின்னுச்சே! ஒரு செம்மறியே ஜெயிச்சேன்.”

“அதுவும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒண்ணுதான். உன் அக்கா கீழூர்லதானே இருக்கா? அவளைப் பந்தயம் வச்சு ஒரு தடவை வீசு.”

ஜோல்ச்சுபெக் எலும்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மதகைத் திறங்கடா.”

பனி மெல்ல உருகியது. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெங்காயம் காய்ந்தது. சந்தையில் கேட்டார்கள்: “எஜே, உங்க வெள்ளம் எந்த பஸ்ல வருது?”

“வரலைப்பா. நல்லதாப் போச்சு.”

ஊரைக் காப்பாற்றினேன் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

இலையுதிர் காலத்தில் கரையடியில் சரளைக்கல் வடிகால் போட்டார்கள். கசிவு குறைந்தது. மறுபடி கணக்கிட்டார்: முழுதாகத் தேக்கினாலும் நானூறில் ஒன்று. இன்னும் ஒரு வருடம் குறைத்தே வைக்கலாம், அலுவலகத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றேன். நானும் பொறியாளன்தான்.

“நம்ம பயத்துக்கு அவங்க ஏன்டா நஷ்டப்படணும்?”

இப்போது பயந்தவர் ஜோல்ச்சுபெக். “உடையாதுல்ல?”

“நானூறுல ஒண்ணு.”

“ஒரு தடவை பொய்யாவது சொல்லுங்களேன் எஜே. நிம்மதியாத் தூங்குவேன்.”

அம்மா சொல்லவில்லை. அணை நிரம்பும்வரை தினமும் அவரோடு கரையில் நடந்து, கசிவை அளந்து காட்டினார்.