நான் விழுங்கிய நாலு வரி

பத்திரிகையில் இல்லாததை இருப்பதாக வாசித்தேன். இருந்ததை வாசிக்காமல் விழுங்கினேன். அதனால் ஒரு மனிதர், உற்றார் ஒருவர் முகத்தைக்கூடப் பாராமல் செத்துப் போனார்.

நூல்களைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் மாதம் தவறாமல் எழுதி வருகிறேன். நீங்களும் படிக்கிறீர்கள். "உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதாதவர்" என்று உங்களில் சிலர் பாராட்டவும் செய்கிறீர்கள். ஐயோ... அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது!

யுத்த காலத்தில் நான் திருமயம் தாலுகா கச்சேரியில் நகல் குமாஸ்தா. மூலத்தில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுவது உத்தியோகம். பொழுது சாய்ந்தால் வாசகசாலையில் பத்திரிகை வாசிப்பது என் பெருமை. புதுக்கோட்டையிலிருந்து கரியில் ஓடும் பஸ் ஒருவழியாக வந்து சேரும். பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். எழுத்துத் தெரிந்தவர்கள் சொற்பம்; அவர்களும் என் வாயால் கேட்பதோடு சரி. கேட்க வருபவர்கள் ஏராளம். ஏனென்றால் தெருவுக்கு நாலு பேராவது பர்மாவில் இருந்தார்கள். செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளில் கணக்கெழுதவும், சமைக்கவும், எடுபிடி வேலை செய்யவும் போனவர்கள்.

மனிதர் வாயால் சொன்னால் எங்கள் ஊரில் குறுக்குக் கேள்வி கேட்டுக் குடைந்துவிடுவார்கள். அச்சில் வந்தது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த அச்சுக்கு வாயாக நான் இருந்தேன்.

அழகம்மையும் கேட்க வருவாள். அவள் புருஷன் சுப்பையா ரங்கூனில் ஒரு கடையில் சமையல்காரர். வாசகசாலைக்குள் பெண்கள் நுழைவதில்லை. காட்டு வேலை முடிந்து, மகள் பாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள்.

ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தது. தெருக்களில் பிணங்கள் கிடப்பதாகப் போட்டிருந்தது. வாசிக்க வாயெடுத்தவன் நிமிர்ந்தேன். நேர் எதிரே அவள் முகம்.

"அய்யா, அங்கிட்டு நம்ம ஆளுகளுக்கு ஒண்ணுமில்லையில்ல?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. தொறைமொகத்துலதான் விழுந்துருக்கு. நம்ம ஆளுகள முன்னாடியே வடக்க மாந்தலே ஊருக்கு அனுப்பிட்டாகளாம்."

இரக்கம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் வெகுகாலம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதலில் சொன்னது இரக்கத்தால்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாந்தலே...? அது எங்கிருந்து வந்தது? பத்திரிகையில் மாந்தலே என்ற பெயரே இல்லை. நானாகச் சேர்த்தேன். கூட்டம் மூச்சு விட்டது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. முதல் தடவையாக என் கற்பனையைக் கேட்டு ஒரு கூட்டம் கண் கலங்கியது! அந்த ருசி என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மாந்தலேயில் நம்மவர்களுக்கு ஒரு சத்திரம் கட்டினேன். அதற்கடுத்து அங்கே பந்தி போட்டேன். "சமையலு எங்க வீட்டு ஆளாத்தான் இருக்கும். ரசம் வச்சா தெருவே மணக்கும்" என்று அழகம்மை சிரித்தாள். அடுத்த நாள் வாசிப்பில் ரசத்தையும் சேர்த்துவிட்டேன். வெட்கக்கேடு!

பிறகுதான் அந்த நாலு வரி வந்தது. மூலையில், பொடி எழுத்தில். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்களில் நோயுற்றோர் சென்னை முகாமில் இருக்கிறார்கள், உறவினர் நேரில் வந்து விசாரித்து அழைத்துச் செல்லலாம் என்று.

கண்ணால் படித்தேன். வாய் திறக்கவில்லை. எல்லோரும் மாந்தலேயில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கப்பலில் வந்தது யார் என்று கேட்பார்களே! நான் கட்டிய சத்திரம் என்னாவது? அந்த வரிகளைத் தாண்டி, அடுத்திருந்த அரிசிக் கட்டுப்பாட்டு அறிவிப்பை வாசித்தேன்.

கடையில் கணக்கெழுதுபவருக்கு ஒன்று என்றால் முதலாளி வீட்டுக்குத் தந்தி அடிப்பார். சமையல்காரனுக்கு யார் தந்தி அடிப்பார்கள்? அழகம்மையின் அண்ணன்தான் அறந்தாங்கியிலிருந்து பதறிக்கொண்டு வந்தார்.

"சென்னைப் பட்டணத்துக்குக் கப்பல் வருதுங்குறாக. ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வாரேன்" என்றார்.

"எதுக்குண்ணே அலையிற? மாந்தலேல இருக்காகன்னு பேப்பர்லயே போட்டாச்சு. அய்யாவக் கேளு."

அவர் என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... ஒரே ஒரு வார்த்தை! நான் 'ஆமாம்' என்று தலையை ஆட்டினேன். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

சில மாதம் கழித்து மணமேல்குடிப் பக்கத்து மரைக்காயர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். சுப்பையாவோடு ஒரே கப்பலில் வந்தவர். முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர். வாசகசாலை வாசலில் வைத்துத்தான் அழகம்மையிடம் சொன்னார்.

"வயித்துப்போக்கும்மா. எந்திரிக்க முடியல. ஆனா வாசல்ல ஆள் சத்தம் கேட்டா மட்டும் கையை ஊனி ஒக்காந்துருவாரு. 'மச்சான் வந்துருவாரு, மச்சான் வந்துருவாரு'ன்னு அதே பேச்சுத்தான். மவுத்தாகுற அன்னிக்கும் வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு." பிறகு, தாங்காமல் கேட்டார்: "பேப்பர்லகூடப் போட்டாங்களே... நீங்க யாரும் பாக்கலையா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நம்மூருக்கு வர்ற பேப்பர்ல போடலையே" என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! அழகம்மை தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே எனக்காக வாதாடினாள். "பேப்பர்காரன் பொய்யப் போட்டா அய்யா என்ன பண்ணுவாக? அவுக வாசிச்சதக் கேட்டுத்தானே இத்தனை நாளும் நான் சோறு தின்னேன்!"

தொண்டை சரியில்லை என்று சொல்லி வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகுதான் என் கதைகள் அச்சேறத் தொடங்கின. தேர்ந்த கை என்றார்கள். எங்கே தேர்ந்தது என்பது எனக்கல்லவா தெரியும்?

பாக்கியம் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன வாரம் கடைத்தெருவில் அழகம்மை என்னைப் பார்த்ததும் நின்றாள். வெள்ளைச் சேலையும் வெறும் கழுத்துமாக, அதே மரியாதையோடு, "அய்யா எழுதுறதப் பூராவும் பாக்கியம் ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டிருதுங்க" என்றாள். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

ஆகவே பாக்கியம் இதையும் வாசிக்கத் தொடங்குவாள். இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிடும். நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு...?

ஒரு வரி விடாமல் வாசித்துவிடம்மா. அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும், அவள் இரக்கப்பட்டு விழுங்கிவிட மாட்டாளா என்று என் மனம் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது!