சின்னப்பொண்ணு கேட்டுவிட்டு வந்தது

பிள்ளைப்பாக்கத்தில் சின்னப்பொண்ணுவிடம் எதையாவது விற்க வருகிறவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் போவார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டாள். கூடையை இறக்கச் சொல்லி, மேலே அடுக்கியிருக்கும் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வாள்.

1991 ஆவணியில் ஊருக்குள் ஒரு வேன் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாகத் திறந்திருந்த, ரேடியோ பாகம் செய்கிற கம்பெனியின் வேன். அதிலிருந்து இறங்கிய ரத்னா என்ற அம்மா, பத்தாவது முடித்த பெண்களுக்கு வேலை இருக்கிறது என்றாள். "காலையில எங்க பஸ்லயே கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுவோம். கேன்டீன்ல சாப்பாடு. ஃபேனுக்கு அடியில உக்காந்து செய்யற வேலை."

சின்னப்பொண்ணுவின் மகள் ஜோதி அப்போது களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். வேன் கிளம்பிப் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே கோதண்டராமன் வந்தார். ஊரில் வேர்க்கடலை அதிகம் போடுகிறவர். உறவுமுறையில் சின்னப்பொண்ணுவுக்கு மாமா.

"அனுப்பிடாதம்மா. பொடிக் கம்பியையே பாத்துகினு இருந்து பொண்ணுங்களுக்குக் கண்ணே அவிஞ்சி பூடுதாம்."

"யாருக்கு மாமா அப்பிடி ஆச்சி?"

"எல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

"எல்லாரும்னா?"

"அத்த எப்பிடி பேர் பேரா சொல்றது?"

அவர் நிலத்தில் களை மண்டிக்கொண்டு நின்றது. ஜோதியும் அவள் வயசுப் பெண்களும் கம்பெனிக்குப் போய்விட்டால் ஆள் கிடைக்காது. சின்னப்பொண்ணுவுக்கு அது புரிந்தது. ஆனால் அதனாலேயே அவர் சொன்னது பொய் என்றாகிவிடாது என்றும் தோன்றியது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி சுங்குவார்சத்திரம் போனாள். கம்பெனி கேட்டில் காலை ஷிப்ட் விடும்வரை காத்திருந்து, வெளியே வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, வேலை எப்படி, கண்ணுக்குக் கெடுதலா என்று கேட்டாள். அவள் பெயர் கங்கா. "எல்லாம் நல்லாத்தான் கீதும்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

கங்கா பக்கத்து ஊருக்கு நடந்து போகிறவள் என்று தெரிந்ததும் சின்னப்பொண்ணு அவளோடு சேர்ந்து நடந்தாள். கேட் கண்ணுக்கு மறைந்த பிறகு அதையே திரும்பக் கேட்டாள்.

"மொத மாசம் தலவலி வரும்" என்றாள் கங்கா. "ஒருத்தி கண்ணாடி போட்டா. கண்ணு யாருக்கும் போவல. சோறு பரவால்ல, ரசம்தான் தண்ணி. ஒரு வாரம் காலை ஷிப்ட்டு, ஒரு வாரம் மதிய ஷிப்ட்டு. அது முடிய ராத்திரி பத்தாவும். பஸ்ஸு மெயின் ரோட்டோட சரி, ஊருக்குள்ள வராது."

"நீ ஏன் போற அப்போ?"

"வயல்ல யாரும் என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டதில்ல" என்றாள் கங்கா.

வீட்டில் சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். அவள் புருஷன் நாகப்பனுக்கு அலுப்பாக இருந்தது. "நல்ல எடமா, கெட்ட எடமா? அத்த சொல்லு."

"ரெண்டும் கீது. போறவ அவ. அவ சொல்லட்டும்."

ஜோதி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, ராத்திரி வருவதுதான் பயமாக இருக்கிறது, மற்றபடி போகிறேன் என்றாள்.

வேன் மறுபடி வந்தபோது சின்னப்பொண்ணு ரத்னாவிடம் நேராகக் கேட்டாள். "சாயங்காலம் கொண்டாந்து விடறோம்னீங்க. மதிய ஷிப்ட்டு பத்து மணிக்கு முடியுதாமே."

ரத்னா சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "ஆமாம்மா. மொதல்லயே சொன்னா யாரும் வரமாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"பஸ்ஸு ஊருக்குள்ள வருமா?"

"மேனேஜர்கிட்ட கேக்கறேன். ஆனா வரும்னு உறுதியா சொல்ல முடியாது."

அந்த அம்மா சொன்னதிலேயே சின்னப்பொண்ணுவுக்குப் பிடித்த பேச்சு அதுதான். நாலு பெண்கள் சேர்ந்து போவதாக முடிவானது. பக்கத்து வீட்டு ஞானம்மா மட்டும் தன் மகளை அனுப்பவில்லை. அதுவும் சரிதான் என்றாள் சின்னப்பொண்ணு.

ஜோதி வேலையில் சேர்ந்த அன்று சின்னப்பொண்ணு கோதண்டராமன் நிலத்துக்குக் களையெடுக்கப் போனாள். அவர் மதியம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வந்தபோது அவரே ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார்.

"பஸ்ஸு ஊருக்குள்ள வருதா?"

"இல்ல மாமா. கேட்டாங்களாம், ஆவலயாம். மதிய ஷிப்ட்டு வாரத்துல நாங்க நாலு அம்மாங்களும் ரோட்டுக்குப் போயி நிக்கப் போறோம்."

"அந்த ஏரிக்கரை வழி இருட்டு. எங்க வூட்ல பெரிய டார்ச்சு கீது. வந்து எடுத்துனு போ" என்றார் அவர்.