அம்மாவின் காலில் கொப்புளம்

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு இடது பக்கம் உணர்ச்சி இல்லை; பேச்சும் போய்விட்டது. நான் தென்காசிக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் அவளைக் கவனிக்க செல்வி அக்காவை வைத்திருந்தேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், அம்மாவின் இடது காலில் ஒரு கொப்புளம். செல்வி அக்கா சூடு வைத்திருப்பாரோ என்று சந்தேகப்பட்டேன். அம்மாவை அவர் தொடும்போதெல்லாம் கதவோரம் நின்று பார்த்தேன். அடுத்த கொப்புளத்தைக் கண்டதும் கேட்டேவிட்டேன்.

“நான் எதுக்கும்மா சுடுதேன்? காலைல வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்றார். நம்பாமல், இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலைப் பார்த்துவிட்டு, “வெந்நீர் ஒத்தடம் யாரு கொடுக்கா?” என்று கேட்டார்.

படுக்கும்போது குளிருமே என்று அந்தக் காலடியில் வெந்நீர்ப் பையை வைத்தது நான்தான்.

“சுடுறது அவங்களுக்குத் தெரியாதும்மா. காலை இழுத்துக்கவும் முடியாது” என்றார் டாக்டர்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அன்று சாயங்காலமே செல்வி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர், “ஆச்சிக்கு இப்பம் தேவலையா?” என்று மட்டும் கேட்டார். வேலைக்குத் திரும்பி வரவில்லை.

கொப்புளம் ஆறிவிட்டது. அத்தனை நாளும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் கையைப் பார்க்கத் தோன்றவே இல்லை.