மழை வரும் போலிருக்கிறது

இன்று வகுப்பில் ஒரு பழைய ஆங்கில நாவல். கிளம்பி நிற்கும் விருந்தாளியிடம் கதாநாயகி, "மழை வரும் போலிருக்கிறது" என்கிறாள்.

"இது வானிலை அறிக்கை இல்ல. 'போகாதீங்க'ன்னு கேக்கறா" என்றார் இங்கிலீஷ் மிஸ். நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்களாம்.

உடனே நான், "மிஸ், மணி பன்னெண்டாகப் போகுது" என்றேன்.

"உன் மனு தள்ளுபடி. உக்காரு."

வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை, அரை நாள்தான் ஸ்கூல். அடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறார். பொம்மசந்திரா ஃபேக்டரியில் இந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிஃப்ட். அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன்.

"அம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு."

அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சுள்ளென்று வெயில்.

"புளுகாதடா. இந்த வேலையெல்லாம் உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வெச்சுக்க."

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. படி இறங்கியவர் திரும்பி ஓடி வந்தார். எனக்கு ஒரு நொடி நெஞ்சு துள்ளியது.

குடையை எடுத்துக்கொண்டார்.

"இந்த ஊர் மழைய நம்ப முடியாதுடா. குக்கர்ல சோறு இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள சாப்டுடு."

நாவலில் அந்த விருந்தாளி தங்கிவிடுகிறார். பாவம், அவரிடம் குடை இல்லை.

சாப்பிட்டுவிட்டுத் தெருமுனை சைபர் கஃபேக்கு வந்து இதை டைப் செய்கிறேன். வானத்தில் இன்னும் ஒரு மேகம்கூட இல்லை.

ஆன்லைனில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஏரியாவில் மழை வரும் போலிருக்கிறதா?