எதிர்க்கடை ஷட்டர்

தென்காசியில் பேராச்சியின் மருந்துக்கடைக்கு நேர் எதிரே ஸ்ரீமதியின் மருந்துக்கடை. ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? கண்ணைத் திறந்தால் அந்த போர்டு, மூடினால் அந்தச் சிரிப்பு. பேராச்சி வருகிறவர்களிடம் “என்ன வேணும்?” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஸ்ரீமதியோ “ஆச்சி, முட்டுவலி தேவலையா?” என்று குழைவாள். ஆச்சிகளும் கொதிக்கிற வெயிலில் ரோட்டைக் கடந்து அங்கேதான் போவார்கள்.

பொறாமை என்று யாராவது சொன்னால் பேராச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் எதிர்க்கடையில் ஏசி மாட்டிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குத்துக்கல்வலசையில் ஸ்ரீமதி வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பாயசத்தில் இனிப்புக் குறைவு என்று பேராச்சி தெரு முழுக்கச் சொன்னாள். கொஞ்ச நாளாக எதிர்க்கடை ஷட்டர் நேரங்கழித்துத்தான் திறந்தது. ‘காசு சேந்ததும் கொழுப்பு ஏறிட்டு’ என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர்களுக்கும் பார்மசி மாணவர்களுக்கும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி என்று செய்தி வந்தது. ஸ்ரீமதி பெயர் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் பேராச்சியும் கொடுத்தாள். சான்றிதழை அவள் மட்டும் கண்ணாடியில் ஒட்டி மினுக்குவதா?

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹால். வெளியே சாரல். பயிற்சி கொடுக்க வந்த கிறிஸ்டி மேடம் சொன்னார்: “தூக்க மாத்திரை கேட்டு ஒருத்தர் தயங்கி நின்னா, குடுத்தும் அனுப்பாதீங்க, வெரட்டியும் விடாதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கதால அந்த எண்ணம் புதுசா வந்துராது.”

பேராச்சிக்குத் திக்கென்றது. கல்லாவில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்வதா? யாராவது போய்ச் சேர்ந்தால்கூட ‘தவறிட்டாங்க’ என்றுதான் அவள் சொல்வாள்.

பிறகு ஜோடி ஜோடியாக நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல் அவளையும் ஸ்ரீமதியையும் சேர்த்துவிட்டார்கள். பேராச்சி கடைக்காரி. ஸ்ரீமதி பரீட்சையில் தோற்ற கல்லூரிப் பெண்.

“தூக்கமே வரல அக்கா. பரீட்சையில தோத்துட்டேன்” என்று ஆரம்பித்த ஸ்ரீமதி சற்று நிறுத்தினாள். “எல்லாரையும் நான் விசாரிக்கேன். என்னைய விசாரிக்க ஆளில்ல. காலையில ஷட்டரத் தூக்கக்கூட கை வரமாட்டேங்கு.”

இவளைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்ற வேகத்தில் பேராச்சி கணீரென்று கேட்டாள். “சாகணும்னு தோணுதா?”

“தோணுது.”

ஹால் முழுக்கக் கைதட்டல். “மேடம், செம ஆக்டிங்!” என்று மாணவர்கள் கத்தினார்கள். நடிப்பிலும் இவள்தானா என்று பேராச்சிக்கு வயிறு எரிந்தது.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு ஏது ஷட்டர்?

அந்த ஷட்டர் நேரங்கழித்துத் திறப்பதை தினமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தம்ளரை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். அங்கே ஸ்ரீமதி ஆறிப்போன டீயோடு தனியாக நின்றாள்.

“ஏட்டி, இங்கன யாருமில்ல. நெசமாவே தோணுதா?”

ஸ்ரீமதியின் முகம் உடைந்தது. “ஆமா அக்கா. கடையில தனியா இருக்கையிலதான் ரொம்ப.”

பேராச்சி அவள் கையைப் பிடித்தாள். விடாமலே கிறிஸ்டி மேடத்தைக் கூப்பிட்டாள். அன்றைக்கே மூவரும் மனநல டாக்டரிடம் போனார்கள். சிகிச்சை தொடங்கிய டாக்டர், கொஞ்ச நாளைக்கு இவள் கடையில் தனியாக இருக்கக் கூடாது, சாவி வேறொருவரிடம் இருக்கட்டும் என்றார். அவள் புருஷனோ பட்டாளத்தில். ஸ்ரீமதி யோசிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்துப் பேராச்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

வீட்டில் துணைக்கு வடகரையிலிருந்து ஸ்ரீமதியின் தங்கச்சி உமா மகேஸ்வரி வந்துவிட்டாள். மறுநாள் காலையில் பேராச்சி முதலில் எதிர்க்கடைக்குத்தான் போனாள். அவள் பூட்டைத் திறக்கும் முன்பே அங்கே ஆச்சிகள் காத்து நின்றார்கள். அவளுடைய சொந்தக் கடை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. வயிறு பழையபடி எரிந்தது.

“அக்கா, ஒங்க கடைய மொதல்ல தொறங்க. யாவாரம் போயிருமே” என்றாள் ஸ்ரீமதி.

“போனாப் போவுது. நீ வந்து ஒரு கை பிடிட்டி. நீ இல்லன்னா நான் யாரப் பாத்து வயிறெரிவேன்?”

இருவருமாகக் குனிந்து ஷட்டரைத் தூக்கினார்கள்.