செலின் மதாம் வீட்டுத் துணிப்பை

ஓடிகோலன் வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் செலின் மதாம் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது அந்த வாசனைதான். அதற்குப் பிறகுதான் மதாம் கண்ணுக்குத் தெரிவார். தலையணை, திரைச்சீலை, நாற்காலித் துணி என்று எல்லாவற்றிலும் அதைத் தெளித்து வைத்திருப்பார். பத்து வயதில் எனக்கு அது பணக்காரத்தனத்தின் வாசனை. தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்மணிக்கு எதற்காக இவ்வளவு வாசனை தேவைப்படுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப் போனவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா வம்சத்தில் பிறந்த இளம்பெண்கள் சேர்ந்து ஒரு சேவைச் சங்கம் வைத்திருந்தார்கள். அம்மாவின் பாட்டனார் சைகோனுக்குப் போன சொல்தா என்பதற்கு எங்கள் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், மடிப்பில் கிழிந்துபோன ஒரு காகிதம் இருந்தது. அதைக் காட்டித்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா சாந்தி சங்கத்தில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீலக்கரை போட்ட வெள்ளைப்புடவை கட்டி, நெஞ்சில் சங்கத்தின் சின்ன வில்லையைக் குத்திக்கொண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு அந்தப் பெண்கள் சைக்கிளில் போவார்கள். வீடு கூட்டுவார்கள், தலை வாரிவிடுவார்கள், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவார்கள்.

எங்கள் தெரு இதை நம்பவில்லை. ஆள் துணை இல்லாத கிழங்களாகப் பார்த்துப் பார்த்து ஏன் போகிறார்கள், வீட்டை எழுதி வாங்கத்தான் என்றது ஒரு கட்சி. சங்கத்தின் பெயரைச் சொல்லி மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்றது இன்னொரு கட்சி. என் அம்மா இரண்டு கட்சியிலும் இருந்தாள்.

"ஒரு ஆதாயமும் இல்லாம எவளாவது அடுத்த வூட்டு கக்கூஸ் கழுவுவாளா?" என்று கீரை ஆய்ந்தபடியே கேட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "மீனா, நீயும் அக்கா கூடப் போ. யார் வர்றா, என்னா எடுத்துட்டுப் போறா, உங்கக்கா யார்கிட்ட பேசறா, எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் ஒரு வேலையை நம்பி என்னிடம் ஒப்படைத்தது அதுதான் முதல்முறை. அன்றிலிருந்து அக்காவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய், மதாம் வீட்டு முற்றத்தில் பல்லாங்குழி ஆடுவதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லோரையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

அந்த வீட்டுக்கு மூன்று பேர் வருவார்கள். பிரான்சிலிருந்து மகன் எழுதும் கடிதங்களை அக்கா படிப்பாள். அக்காவின் உயிர்த்தோழி ஜெயந்தி மதாமுக்கு நகம் வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல் பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பாள். மூன்றாவது ஆள் கலா. அவள் நெஞ்சில் மட்டும் வில்லை கிடையாது. அவள் வீட்டுக் காகிதம் மழைத்தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டதாம். வேறு அத்தாட்சி கிடைக்கும்வரை தற்காலிகமாகச் சேர்த்திருந்தார்கள். "அவ சொல்தா வூட்டுப் பொண்ணே இல்லியாம்" என்று மற்ற பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

கலா வந்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வரும்போது அவள் துணிப்பை உப்பியிருக்கும். மதாம் அவளை ஒரு கணம் பார்ப்பார், அவளும் பார்ப்பாள். பிறகு மற்றவர்களுக்கு முன்பாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூன்று ஞாயிறு இதையே பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். "கலாக்கா தெனமும் பைய ரொப்பிட்டுப் போவுதும்மா" என்று, வாரத்துக்கு ஒருநாளைத் தினமும் ஆக்கி, கொஞ்சம் சேர்த்தே சொன்னேன். அம்மாவின் கண் அகலமானதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே மார்க்கெட்டில் அம்மா சங்கத் தலைவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் 'பிரெசிதாந்த்' என்று அழைக்கும் அந்த அம்மாள், அடுத்த ஞாயிறு யாரும் எதிர்பாராமல் மதாம் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றார். கலா உள்ளறையிலிருந்து பையோடு வெளியே வந்தாள்.

"பையில என்னாம்மா?"

"என் துணிதாங்க."

"தெறந்து காட்டு."

"மாட்டேங்க." கலா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "என்னை சங்கத்த விட்டு எடுத்துடுங்க, போயிடறேன். பைய மட்டும் கேக்காதீங்க."

அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. தலைவி பையைப் பிடித்து இழுத்தார். பையின் காது அறுந்து, உள்ளே இருந்தது தரையில் விழுந்தது. இரண்டு விரிப்புகள், மதாமின் பாவாடைகள். எல்லாம் நனைந்து, கறைபட்டு, சுருட்டி வைக்கப்பட்டவை. ஓடிகோலனையும் மீறிக்கொண்டு மூத்திர வாடை முற்றமெங்கும் பரவியது. கலா மண்டியிட்டு அவசர அவசரமாகத் துணிகளை அள்ளினாள்.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மதாம் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க," என்றாள். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி தொவச்சி எடுத்துட்டு வருவேன். மெதுவாப் பேசுங்க, அவங்களுக்குக் கேக்கும்."

கேட்டுவிட்டிருந்தது. மதாம் சுவரைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. "எல்லாரும் போங்க. இனிமே யாரும் வர வேணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே மிதித்தாள். தலைவி பிறகு கலாவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, வில்லையும் கொடுத்தாராம். கலா அதை வாங்கிக்கொள்ளவில்லை. சங்கத்துக்குள் ஒரே கேள்விதான் சுற்றியது: யார் சொன்னது? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெயந்தி தலைவி வீட்டிலிருந்து வெளியே வந்ததை அக்கா பார்த்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது. "நான் எதுக்குடி சொல்லப்போறேன்? பாட்டுப் புஸ்தகம் குடுக்கத்தான் போனேன்" என்று ஜெயந்தி எங்கள் வீட்டுக்கே வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா நம்பவில்லை. நான் அறையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு தடவை ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் அக்கா சொன்னபடி, "அக்கா இல்லியே" என்று வாசலில் நின்று பொய் சொன்னவள் நான்தான். அக்கா கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஆனாலும் அவள் வந்தாள். மண்டப வாசலில் ஒரு பரிசுப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "அக்காகிட்ட குடுத்துடு பாப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டாள்.

ஒன்றே ஒன்று மட்டும் நல்லபடியாக நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதாம் வீட்டுத் தோட்டத்தில் கொடி நிறைய விரிப்புகள் காய்வதைப் பார்த்தேன். ஒளிவுமறைவு இல்லாமல், தெருவுக்குத் தெரிகிற மாதிரி. கலா அவற்றைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள். மதாம் நாற்காலியில் உட்கார்ந்து அவளை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். மறுவருடம் மதாம் இறந்தபோது கடைசியாகக் குளிப்பாட்டியவளும் கலாதான் என்று சொன்னார்கள்.

போன வருடம் அக்கா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மா இறந்துவிட்டாள், காட்டிக்கொடுப்பதற்கு இனி யாரும் இல்லை என்ற தைரியமோ என்னவோ, மூலக்குளத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பத்து வயசுல சொல்லல, சரி," என்றாள். "இருபது வயசுல என்னாடி?"

அவள் கீழே வைத்த துணியை நான் எடுத்து மடித்தேன்.

மறுநாள் காலையிலேயே ஜெயந்தியைத் தேடி ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டைக்குப் போனோம். செலின் மதாம் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். ஜெயந்தியின் வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். கீழ்வீட்டின் கம்பிக்கதவுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். ஜெயந்தி என்று ஒருத்தர் இங்கே இருந்தார்களே, எங்கே போனார்கள் என்று தெரியுமா என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எங்களை மேலும் கீழுமாக அளந்தாள்.

"அவங்கெல்லாம் வித்துட்டுப் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. நீங்க யாரு? எதுக்குக் கேக்கறீங்க?"

"சங்கத்துல ஒண்ணா இருந்தோம்மா," என்றாள் அக்கா.

"எந்தச் சங்கம்?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்கதவு சாத்திக்கொண்டது.