முப்பத்திரண்டு சுற்று

1996 மார்ச் 16, சனிக்கிழமை, காலை ஆறு மணி, லேசான பனி. ஆபிரிக்காவில் போரில் அநாதைகளான பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்க, கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒன்பது பேர் சைக்கிளில் புறப்பட்டார்கள். அவர்களில் பருத்தவர், கலஹா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். கடுகண்ணாவை மலைப்பாதையைத் தாண்டமாட்டார் என்று நம்பி, மைலுக்கு ஐந்து ரூபாய் தருவதாக அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

"எங்கட நாட்டு அநாதைப் பிள்ளையள் காணாதே, ஐசே?" என்று கேட்டேன்.

"சின்னதுல நான் இனாமா வாங்கிக் குடிச்ச பால்மா எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாதுங்க, சேர்" என்று பெல்லை அடித்தார். எது பேசினாலும் முடிவில் பெல் அடிப்பார்.

நாலாவது மைலில், சோதனைச்சாவடியில், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டு அவரை மட்டும் திருப்பிவிட்டார்கள். கொழும்புக்கு எழுபத்திரண்டு மைல்; போய்வந்த எட்டு மைல் போக, மீதி அறுபத்துநான்கையும் கண்டி வாவியைச் சுற்றியே ஓட்டினார். சுற்றுக்கு இரண்டு மைல். நான் கரையிலிருந்து எண்ணினேன். மாலையில் பெடலை எழுந்து நின்றுதான் மிதித்தார்.

"முப்பத்திரண்டு முடிஞ்சுது. இறங்கும்" என்றேன்.

"முப்பதுதாங்க. கணக்கு வாத்தியாரே பொய் சொன்னா எப்படிங்க?" பெல் அடித்தபடி போய்விட்டார்.

தெரிந்தே நான் பிழையாக எண்ணியது அன்றுதான். மழை தூறியது. மிஞ்சிய இரண்டு சுற்றையும் நனைந்தபடி எண்ணி முடித்து, அவர் கையில் கொடுத்தேன்: முந்நூற்று அறுபது ரூபாய்.